மூன்று கருவிக்கும் ஒரே நேரத்தில் ‘ஸ்டார்ட்’ கொடுப்பது எப்படி?

கேள்வி இது. தக்கலைப் பக்கம் பொறியியல் படிக்கும் ஒரு தம்பியும் அவருடைய நண்பர்களும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின், அதாவது உயரத் தூண்கள்மேல் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலத்தின், அதிர்வை அளக்கப் போகிறார்கள். கையில் மூன்று நெட்வொர்க் லாகர்கள் (அளவுகளைப் பதிவுசெய்யும் கருவிகள்), ஒவ்வொன்றிலும் நான்கு ஆக்சிலரோமீட்டர்கள் (அதிர்வை உணரும் சென்சார்கள்). லேப்டாப்பில் ஓடும் பைத்தான் நிரல், முதல் லாகருக்கு ஸ்கேன், அதாவது பதிவு, தொடங்கச் சொல்லிவிட்டு, அடுத்ததற்கு, அதற்கடுத்ததற்கு என்று வரிசையாகக் கட்டளை அனுப்புகிறது. பரிசோதனைக் கூடத்தில் ஓட்டிப் பார்த்தபோது மூன்று பதிவுகளும் 20 முதல் 60 மில்லிசெகண்ட் வரை தள்ளி நிற்கின்றன. அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு அளவு. எந்தக் கட்டளையைக் கொடுத்தால் மூன்றும் ஒன்றாகத் தொடங்கும் என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பிலிருந்து போகும் கட்டளையைக் கருவிகளைத் தயார் நிலைக்குக் கொண்டுபோக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் கணத்தை அதன் தலையில் ஏற்றாதீர்கள். அந்த வேலையைக் கருவிக்குள் இருக்கும் கடிகாரமோ, மூன்றையும் இணைக்கும் ஒரு கம்பியோ பார்க்கட்டும். நெட்வொர்க் வழியாக எவ்வளவு வேகமாகக் கட்டளை அனுப்பினாலும் அது எப்போது போய்ச் சேரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

இந்த 60 மில்லிசெகண்ட் உங்கள் வேலைக்குப் பெரிய விஷயமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். பாலத்தின் இயல்பு அதிர்வெண் எவ்வளவு என்பது அளந்தால்தான் தெரியும். கணக்குக்கு 4 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். ஓர் அலைக்கு 250 மில்லிசெகண்ட். ஒரு முழு அலையை 360 டிகிரி என்று கொண்டால், அதில் 60 மில்லிசெகண்ட் தள்ளிப்போவது 86 டிகிரி கட்டப் பிழை (ஃபேஸ்). ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே தொட்டி ஒரே பக்கம் ஆடுகிறதா, எதிரெதிராக ஆடுகிறதா என்பதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். ஒரே பக்கம் என்றால் 0 டிகிரி, எதிர்ப்பக்கம் என்றால் 180. இதில் 86 டிகிரி பிழை வந்தால் எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாது. ஒரு மில்லிசெகண்ட் பிழை என்றால் ஒன்றரை டிகிரிகூட வராது, அதை மறந்துவிடலாம். ஆக உங்கள் இலக்கு ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே. மைக்ரோசெகண்ட் வரை போக வேண்டிய தேவை இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத செலவு மிச்சம்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் லாகர் எந்த வகை? சில கருவிகளில் உள்ளே ஒரே ஓர் அளவி இருக்கும்; ரிலே என்ற மின் சுவிட்ச் ஒவ்வொரு சேனலாக, அதாவது ஒவ்வொரு சென்சார் இணைப்பாக, தட்டித் தட்டி அதனிடம் கொண்டுபோகும். இப்படி எல்லாச் சேனலையும் ஒரு சுற்று சுற்றி வருவதைத்தான் அங்கே ‘ஸ்கேன்’ என்கிறார்கள். அந்த வகையில் நொடிக்கு 60 சேனல் என்றால், 20 சேனலைச் சுற்றி முடிக்க மூன்றில் ஒரு நொடி ஆகும். முதல் சேனலும் இருபதாவது சேனலும் ஒரே ஸ்கேனில் இருந்தாலும் ஒரே நேரத்தில் அளந்தவை அல்ல. வெப்பநிலைக்கு அது போதும். அதிர்வுக்கு ஆகாது, எந்தக் கட்டளை கொடுத்தாலும் ஆகாது. சேனலுக்கு ஒரு ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு) உள்ள, எல்லாச் சேனலையும் ஒருசேர மாதிரி எடுக்கும் கருவிதான் வேண்டும். உங்களுடையது அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

சரி, அந்த 20 முதல் 60 மில்லிசெகண்ட் எங்கிருந்து வருகிறது? ஒரே இடத்திலிருந்து இல்லை. விண்டோஸில் நிரலைத் தூங்கவைத்து எழுப்பும் கடிகாரத் துடிப்பு வழக்கமாக 15.6 மில்லிசெகண்டுக்கு ஒன்று. நிரலில் ஸ்லீப் போட்டிருந்தால் அங்கேயே ஒரு துண்டு போயிற்று. வைஃபை என்றால் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் (பாக்கெட்) காற்றில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும். பக்கத்தில் நாலு பேர் போனில் வீடியோ பார்த்தால் காத்திருப்பு கூடும். கட்டளை போய்ச் சேர்ந்த பிறகும் கருவியின் உள்ளே இருக்கும் சின்னச் செயலி அந்த எழுத்துகளைப் படித்து, பொருள் புரிந்து, வேலையைத் தொடங்க வேண்டும். அப்போது அது திரையையோ வலைப்பக்கத்தையோ புதுப்பித்துக்கொண்டிருந்தால் உங்கள் கட்டளை வாசலில் நிற்கும்.

இவற்றையெல்லாம்விடப் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கணினியும் கருவியும் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் டிசிபி இணைப்பில் நேகிள் என்ற முறை இயல்பாகவே இயங்கும். சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்பி வலையை நிரப்பக் கூடாது என்பதற்காக, முந்தைய துண்டு கிடைத்ததாக மறுமுனை சொல்லும்வரை அடுத்த சின்னத் துண்டைப் பிடித்து வைக்கும். மறுமுனையோ, ‘கிடைத்தது’ என்று சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். லினக்ஸில் 40 மில்லிசெகண்ட், விண்டோஸில் 200 என்பது பொதுவான அளவு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? கட்டளையை ஒரு தடவையும், அதன் முடிவில் வரும் புதுவரிக் குறியை இன்னொரு தடவையும் தனித்தனியாக அனுப்பும் நிரலில், கட்டளை போய்விடும். புதுவரிக் குறி மட்டும் லேப்டாப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தக் குறி வராமல் கருவி கட்டளையைத் தொடாது. நேரடி சாக்கெட்டில் (நிரல் தானே திறக்கும் நெட்வொர்க் இணைப்பில்) எழுதியிருந்தால் உங்கள் நிரலில் இது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே சரமாகச் சேர்த்து அனுப்புங்கள், சாக்கெட்டில் ‘நோ டிலே’ விருப்பத்தையும் போட்டுவிடுங்கள். இதை மட்டும் செய்தாலே உங்கள் 60 பெருமளவு குறைந்துவிடலாம். ஆனாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். நிரலுக்குள் இணையாக ஓடும் மூன்று த்ரெட் போட்டு ஒரே நேரத்தில் அனுப்பினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். வரிசையில் வரும் தாமதம் குறையும், அவ்வளவுதான். தடவைக்குத் தடவை மாறும் அந்தக் குணம் அப்படியே இருக்கும்.

இப்போது கட்டளைகளுக்கு வருவோம். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடத்தைத் தூக்கிக் கையில் பிடித்து, தொய்வு போகும்வரை இழுத்து, காலை ஊன்றி எல்லாரும் நிற்பார்கள். தேர் நகர்ந்திருக்காது. அப்புறம் ஒரு குரல், எல்லாரும் சேர்ந்து இழுப்பார்கள். வடத்தைத் தேடி எடுப்பதும் குரல் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் தேர் அசையாது. கருவிகளிலும் இந்த இரண்டு படிகளும் தனித்தனி. முதல் படியை ‘இனிஷியேட்’ என்றும், இரண்டாவதை ‘ட்ரிக்கர்’ என்றும் சொல்வார்கள். 1990இல் வந்த ஸ்கிபி என்ற பொதுக் கட்டளை மொழியில் இந்த அடுக்கு தெளிவாக இருக்கிறது. பெரும்பாலான நெட்வொர்க் அளவிக் கருவிகள் அதையோ அதன் சாயலையோ பேசுகின்றன. (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், ‘ஸ்டார்’ என்றால் நட்சத்திரக் குறி, தட்டச்சு செய்யும்போது உங்கள் கருவியின் கையேட்டில் உள்ளபடி அடியுங்கள்.)

புதிதாகத் தொடங்குபவர்கள் ‘மெஷர்’ கட்டளையையோ ‘ரீட்’ கட்டளையையோதான் பிடித்துக்கொள்வார்கள், ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடும் என்பதால். ‘மெஷர்’ அமைப்பை மாற்றும், தயாராக்கும், அளக்கும், பதிலைத் திருப்பியும் தரும். ‘ரீட்’ என்பது இனிஷியேட்டும், அளந்ததை எடுத்துத் தரும் ‘ஃபெட்ச்’சும் சேர்ந்தது. ஒரே ஒரு கருவி இருந்தால் இவை வசதி. பல கருவிகளை ஒத்திசைக்க இவற்றைத் தொடாதீர்கள், இரண்டு படியும் ஒன்றாக ஒட்டிப்போய்விடும். ட்ரிக்கர் மூலத்தை ‘பஸ்’ என்று (ட்ரிக்கர் கணினிக் கட்டளையாக வரும் என்று) வைத்துவிட்டு ‘ரீட்’ அனுப்பினால் பல கருவிகள் மைனஸ் 214 என்ற பிழையைத் தரும். ட்ரிக்கர் முட்டுக்கட்டை என்று அதற்குப் பொருள். கருவி ட்ரிக்கருக்காகக் காத்திருக்கிறது, நீங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள். இருவரும் பொழுது விடியும்வரை நிற்க வேண்டியதுதான்.

நான் வைத்திருக்கும் வரிசை இது. முதலில் ‘அபார்ட்’, கருவி எந்த நிலையில் இருந்தாலும் சும்மா நிலைக்கு வந்துவிடும். பழைய பிழைகளைத் துடைக்க ஸ்டார் சிஎல்எஸ். பிறகு சேனல்கள், வீச்சு, மாதிரி வேகம், எத்தனை மாதிரி, ட்ரிக்கர் மூலம் எது, தொடர்ந்து தானாகத் தொடங்கும் ‘கன்டினியுவஸ்’ அணைந்திருக்கிறதா என்று எல்லா அமைப்பும். அமைப்பு முடிந்ததும் ஸ்டார் ஓபிசி கேள்விக்குறி போட்டுக் கேட்டால், எல்லாம் முடிந்தபின் 1 என்று பதில் வரும். அப்போதே ‘சிஸ்டம் எரர்’ கேட்டு வரிசையில் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, ஒரு லாகர் மட்டும் மாதிரி வேகத்தை ஏற்காமல் பழைய வேகத்திலேயே ஓடிய கதை எனக்கே நடந்திருக்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மூன்றுக்கும் இனிஷியேட். இது எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை. ஒரு லாகருக்கு இப்போதும் மற்றதற்கு இரண்டு நொடி கழித்தும் போகட்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. இனிஷியேட் கொடுத்தபின் ஸ்டார் ஓபிசி கேட்டால் பதில் வராது. ஏனென்றால் ஸ்கேன் முடியும்வரை அந்த வேலை நிலுவையில்தான் இருக்கும்; ஸ்கேனோ ட்ரிக்கர் வந்தால்தான் தொடங்கும். நிரல் தொங்கிவிட்டது என்று கருவியை அணைத்துப் போட்டு ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். தயாராகிவிட்டதா என்று கேட்க வேறு வழி உண்டு. ஸ்டேட்டஸ் ஆபரேஷன் கண்டிஷன் என்ற பதிவேட்டைக் கேளுங்கள். ஸ்கிபி வரையறைப்படி அதில் (சைபரிலிருந்து எண்ணினால்) ஐந்தாவது பிட், அதாவது 32, ‘ட்ரிக்கருக்குக் காத்திருக்கிறேன்’ என்பதைக் குறிக்கும். நாலாவது பிட், 16, அளந்துகொண்டிருக்கிறேன் என்பது. மூன்று கருவியிலும் 32 வந்த பிறகே ட்ரிக்கர். எல்லாக் கம்பெனிக்காரர்களும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை, அதனால் கையேட்டில் பிட் அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தயாராகும் முன் ட்ரிக்கர் போனால் மைனஸ் 211, ட்ரிக்கரைக் கண்டுகொள்ளவில்லை என்று வரும். ஏற்கெனவே தயாராக இருப்பதற்கு மறுபடியும் இனிஷியேட் கொடுத்தால் மைனஸ் 213. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்திருந்தால் பாதிப் பிழை தேடல் தீர்ந்தது.

அடுத்து அந்தக் குரல். யார் கொடுப்பது?

ஸ்டார் டிஆர்ஜி என்ற கட்டளை இருக்கிறது, மென்பொருள் ட்ரிக்கர். உங்களுக்கு முதலில் தோன்றுவது இதுவாகத்தான் இருக்கும், ஒவ்வொரு கருவிக்கும் ஸ்டார் டிஆர்ஜி. தயார்ப்படுத்தும் தாமதம் போய்விடும் என்பதால் முன்னைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் மூன்று தனித்தனி டிசிபி இணைப்பில் மூன்று தனித்தனிக் குரல்கள் என்பது மாறவில்லை. பழைய ஜிபிஐபி கேபிள் காலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே எல்லாக் கருவியும் ஒரே கம்பிக்கட்டில் தொங்கும். குழு ட்ரிக்கர் என்று ஒரே செய்தியை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஆனால் மொத்தக் கேபிள் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது, 15 கருவிக்கு மேல் போகாது. தொட்டிப்பாலத்துக்கு அதை யார் கொண்டுபோவது? நெட்வொர்க்குக்கு மாறியதில் தூரம் கிடைத்தது, அந்த ஒற்றைக் குரல் போய்விட்டது.

போனதைத் திரும்பக் கொண்டுவரத்தான் எல்எக்ஸ்ஐ என்ற அளவிக் கருவித் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு, 2004இல் தொடங்கியது, லேன் நிகழ்வுச் செய்தி என்ற ஒன்றை வகுத்தது. யுடிபி மல்டிகாஸ்ட்டில் (ஒரு செய்தியைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் முறையில்) ஒரே பொட்டலம், 5044ஆம் போர்ட், கேட்க விரும்பும் கருவிகள் எல்லாம் கேட்கும். ட்ரிக்கர் மூலத்தை லேன்0 என்பதுபோல் வைத்தால் போதும். நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லாப் போர்ட்டுக்கும் நகல் எடுத்து அனுப்பிவிடுவதால் வித்தியாசம் மிகவும் சுருங்கும். உங்கள் லாகரில் இந்த வசதி இருந்தால், ஒரு மில்லிசெகண்ட் இலக்குக்கு இதுவே போதும். ஆனால் கம்பி நெட்வொர்க்கில் மட்டும். வைஃபையில் மல்டிகாஸ்ட் மெதுவான வேகத்தில் போகும், தொலைந்தால் மறுபடி அனுப்பப்படாது. மூன்றில் ஒன்று தொடங்காமலே நிற்கும். யார் கேட்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற அமைப்பு ஓடும் ஸ்விட்ச் சில சமயம் மல்டிகாஸ்ட்டை விழுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாகர்கோவில் கடைகளில் கிடைக்கும் சாதாரண எட்டு போர்ட் ஸ்விட்சில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. விலை மலிவான சாமான் ஜெயிக்கும் அபூர்வமான இடம் இது.

கம்பி வழி இன்னும் எளிது. ஒரு லாகரின் ட்ரிக்கர் அவுட்டை மற்ற இரண்டின் ட்ரிக்கர் இன்னுக்குக் கொடுத்து, மூலத்தை ‘எக்ஸ்டர்னல்’ என்று வைத்து, முதல் லாகருக்கு மட்டும் ஸ்டார் டிஆர்ஜி அனுப்பினால் போதும். கேபிளில் துடிப்பு மீட்டருக்குச் சுமார் 5 நானோசெகண்ட் எடுக்கும்; நூறு மீட்டருக்கு அரை மைக்ரோசெகண்ட். உங்கள் இலக்குக்கு அது சைபர். கருவிகள் ஒரே மேசையில் இருந்தால் நான் வேறு எதையும் யோசிக்கவே மாட்டேன். ஆனால் பாலத்தின்மேல் நூறு மீட்டர் செம்புக் கம்பியை இழுத்து இரண்டு முனையிலும் விலையுள்ள கருவியைக் கட்டுவதற்கு முன் நம் ஊர் ஐப்பசி மாலை இடியை நினைத்துப் பாருங்கள். மலையடிவாரம் அது. 115 அடி உயரத்தில் திறந்தவெளியில் நிற்கும் கம்பி. சாதாரண ஐந்து வோல்ட் துடிப்பு அவ்வளவு தூரத்தில் சிதையவும் செய்யும். அவசியம் இழுத்தே ஆக வேண்டும் என்றால் ஆர்எஸ் 485 போன்ற வேறுபாட்டுச் சமிக்ஞையும் இரு முனையிலும் ஆப்டோகப்ளரும் (மின் தொடர்பு இல்லாமல் ஒளியால் சமிக்ஞையைக் கடத்தும் சில்லும்) போடுங்கள், இல்லாவிட்டால் ஒளியிழை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. குரலே வேண்டாம், எல்லாரும் கையில் ஒரே நேரம் காட்டும் கடிகாரம் கட்டியிருந்தால், ‘பத்தரை மணிக்கு இழு’ என்று முந்தியே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சில கருவிகளில் இதற்கு ‘அலாரம்’ என்று பெயர், சிலவற்றில் நேர ட்ரிக்கர். கட்டளை எப்போது போய்ச் சேர்ந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை, பத்தரைக்கு முன் சேர்ந்திருந்தால் சரி.

கடிகாரத்தை எப்படி ஒன்றாக்குவது? நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி எல்லாரிடமும் இருக்கிறது. உள்ளூர் கம்பி நெட்வொர்க்கில் ஒழுங்காக அமைத்தால் ஒரு மில்லிசெகண்ட் அளவுக்குக் கொண்டுவரலாம், ஆனால் உங்கள் இலக்கின் விளிம்பில்தான் நிற்கும். பிடிபி என்ற நெறிமுறை, 2002இல் ஐஇஇஇ 1588 என்ற எண்ணில் வந்தது, இதற்காகவே பிறந்தது. தலைமைக் கடிகாரம் நேரத்தை அனுப்பும், லாகர் அது வந்த நேரத்தைக் குறிக்கும். பிறகு லாகர் ஒன்றை அனுப்பும், தலைமை அது வந்த நேரத்தைக் குறிக்கும். போக வர ஆன நேரத்தைப் பாதியாக்கி வழித் தாமதத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிடும். நேரக் குறியை நெட்வொர்க் சில்லே போட்டால் மைக்ரோசெகண்டுக்குக் கீழேயே நிற்கும். பிடிபி தெரியாத சாதாரண ஸ்விட்ச் நடுவில் இருந்தால் கொஞ்சம் அலையும், ஆனால் மூன்று லாகரும் ஒரு லேப்டாப்பும் மட்டும் உள்ள வலையில் அது மில்லிசெகண்டைத் தொடாது. இன்னொரு வழி, ஒவ்வொரு லாகருக்கும் ஒரு ஜிபிஎஸ் ஏற்பி. அது நொடிக்கு ஒரு துடிப்பு தரும், வெளிப்படும் துல்லியம் நானோசெகண்டில். தொட்டியின் மேல்பக்கம் வானம் திறந்து கிடக்கிறது, ஆன்டெனாவை அங்கே வையுங்கள், தொட்டிக்கு அடியில் வைத்தால் செயற்கைக்கோள் தெரியாது.

ஒரு வேடிக்கையான பிழை இங்கே உண்டு. பிடிபி சர்வதேச அணு நேரத்தில் ஓடும். நம் கடிகாரங்களுக்கு அடிப்படையான உலகப் பொது நேரமான யுடிசி, 2017 ஜனவரி 1 முதல் அதைவிட 37 நொடி பின்னால் இருக்கிறது. ஜிபிஎஸ் நேரமோ யுடிசியைவிட 18 நொடி முன்னால். ஒரு லாகரில் பிடிபி, இன்னொன்றில் என்டிபி என்று கலந்து வைத்து, பதிவுகள் மிகச் சரியாக 37 நொடி தள்ளி நின்றால் பதறாதீர்கள். கடிகாரம் இரண்டும் சரிதான், கணக்குத்தான் வேறு. 37, 18, அல்லது இரண்டுக்கும் இடையிலான 19 என்று வந்தால் அது இந்த வகைப் பிழை என்று உடனே தெரிந்துகொள்ளலாம். ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது தொடக்கம் பற்றி. என்னைக் கேட்டால் தொடக்கத்தைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் அதிகம் ஏமாற்றும். பல வருடம் முன்பு முப்பந்தலில் ஒரு காற்றாலைக் கோபுரத்தில் அதிர்வு அளந்தோம். உச்சியில் ஒரு லாகர், அடியில் ஒன்று. நல்ல ஆடிக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றின் வேகத்தை அங்கே நின்றால்தான் தெரியும், நிற்கத்தான் முடியாது. கம்பி ட்ரிக்கர் கொடுத்து இரவு எட்டு மணிக்கு இரண்டையும் கச்சிதமாக ஒன்றாகத் தொடங்கினோம். காலை ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால், முதல் நிமிடத்தில் உச்சியும் அடியும் அழகாக ஒத்துப்போகின்றன. நடுராத்திரியில் எதிரெதிராக ஆடுகின்றன. விடியற்காலை மறுபடி ஒத்துப்போகின்றன. கோபுரம் இரவில் வளைந்து ஏதோ ஆகிவிட்டது என்றே முதலில் நினைத்தோம். ஒருவர் அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட்டார். கடைசியில் பார்த்தால் ஒவ்வொரு லாகரும் தன் சொந்தப் படிகத்தை (கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் குவார்ட்ஸ் துண்டை) வைத்து மாதிரி எடுத்திருக்கிறது. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு முன்பின்னாக ஓடலாம். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் போனால் 40 பங்கு. பத்து மணி நேரம் என்பது 36,000 நொடி, பெருக்கினால் 1.44 நொடி. உச்சியில் இருந்த பெட்டி ஜெனரேட்டர் சூட்டில் வெந்துகொண்டிருந்தது, அடியில் இருந்தது குளிரில் கிடந்தது. படிகத்துக்கு வெப்பமும் பிடிக்காது.

உங்கள் விஷயத்தில் பத்து நிமிடப் பதிவு என்று வைத்தாலும் அதே கணக்கில் 600 நொடிக்கு 24 மில்லிசெகண்ட். தொடக்கத்தில் 0 டிகிரியாக இருந்தது முடிவில் 35 டிகிரி. எனவே கையேட்டில் ட்ரிக்கர் பகுதியோடு நிறுத்தாமல், மாதிரிக் கடிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற பகுதியையும் படியுங்கள். பிடிபி இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருக்கும். சில கருவிகளில் அது கோப்பில் நேரம் எழுத மட்டும் பயன்படும், மாதிரி எடுக்கும் படிகம் தன்போக்கில் ஓடும். மாதிரிக் கடிகாரமே பிடிபியோடு பூட்டப்படுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அப்படிப் பூட்டப்படாவிட்டாலும் நம்பகமான நேரக் குறி தொடர்ந்து கிடைத்தால் தப்பிக்கலாம். நான் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்: ஒன்றாகத் தொடங்கவே முயல்வதில்லை. ஒவ்வொரு லாகரும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கட்டும், ஒவ்வொரு தொகுதி மாதிரிக்கும் பிடிபி அல்லது ஜிபிஎஸ் நேரத்தை எழுதட்டும். பிறகு லேப்டாப்பில் ஒரு பொது நேரக் கோட்டில் இடைச்செருகல் முறையில் (இரண்டு புள்ளிக்கு நடுவிலுள்ள மதிப்பைக் கணக்கிட்டு) மறுமாதிரி எடுத்து, பொதுவான பகுதியை வெட்டிக்கொள்கிறேன். நொடிக்கு ஆயிரம் மாதிரி எடுத்தால் மாதிரிப் புள்ளிகள் அதிகபட்சம் அரை மில்லிசெகண்ட் விலகி நிற்கும், அதையும் இடைச்செருகல் சரிசெய்துவிடும். இதில் ஒரு லாகர் நடுவில் அணைந்து மறுபடி வந்தால்கூட மற்றப் பதிவுகள் வீணாகாது.

எந்த வழியை எடுத்தாலும் பாலத்துக்குப் போகுமுன் மேசையில் ஒரு சோதனை செய்யுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று லாகரிலிருந்தும் ஓர் ஆக்சிலரோமீட்டரை எடுத்து ஒரே தடிமனான இரும்புத் தகட்டில் பக்கம் பக்கமாக இறுக்கி ஒட்டுங்கள். பதிவைத் தொடங்கி, தகட்டை ஒரு தட்டுத் தட்டுங்கள். இருபது நிமிடம் ஓடவிட்டு, முடிக்கும் முன் மறுபடி ஒரு தட்டு. முதல் தட்டில் மூன்று பதிவும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தொடக்கப் பிழை. இரண்டாவது தட்டில் அந்த விலகல் எவ்வளவு மாறியது என்பது படிகம் நகர்ந்த கணக்கு. ஒரு பதிவை நகர்த்தி மற்றதோடு எங்கே மிகவும் பொருந்துகிறது என்று கணக்கிடும் குறுக்குத் தொடர்பு போட்டால் கண்ணால் பார்ப்பதைவிடத் துல்லியமாக வரும். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு விலகல் வந்தால் அது கருவியின் டிஜிட்டல் வடிகட்டி உண்டாக்கும் நிலையான தாமதமாக இருக்கலாம்; மூன்றிலும் ஒரே மாதிரி வேகம், ஒரே வடிகட்டி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிலையான பிழையைக் கழித்துவிடலாம். தடவைக்குத் தடவை மாறினால் இன்னும் உங்கள் நேரம் நெட்வொர்க் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பாலத்தில் நிற்கும்போதும் முதலிலும் முடிவிலும் இதேபோல் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிப்பாலத்தில் சுற்றுலா வருபவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், மனித நடையில் நொடிக்குச் சுமார் இரண்டு காலடி விழும் என்பதால் 2 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கூர்முனைகள் தெரியும். அதைப் பாலத்தின் குணம் என்று எழுதிவிடாதீர்கள். காலை ஆறு மணிக்குப் போனால் கூட்டம் இராது. தொட்டியில் தண்ணீர் ஓடுகிறதா என்பதையும், ஆழம் எவ்வளவு என்பதையும் ஒவ்வொரு பதிவுக்கும் குறியுங்கள். ஏழடி உயரத் தொட்டியில் ஓடும் தண்ணீரின் எடை அதிர்வெண்ணைக் கீழே இறக்கும். கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு நெற்பருவங்களுக்கும் பொதுவாக ஜூனில் அணையைத் திறந்து பிப்ரவரி வரை விடுவார்கள் என்பதால், காலித் தொட்டியை அளக்க மார்ச்சுக்குப் பிறகு இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும். 28 தூண்களில் எந்தெந்தத் தூணுக்கு நடுவில் லாகர் என்பதை இரண்டு தடவையும் மாற்றாதீர்கள். நீர்வளத் துறை அனுமதிக் கடிதத்தைக் கல்லூரி வழியாக இப்போதே எழுதிப் போடுங்கள், கட்டளை வரிசையைச் சரிசெய்வதைவிட அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

தட்டுச் சோதனையின் பத்து முடிவுகளையும், லாகரின் மாடல் பெயரையும், கையேட்டில் ட்ரிக்கர் படம் உள்ள பக்கத்தையும் அனுப்புங்கள். உங்கள் கருவிக்கு மூன்றில் எந்த வழி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.